கண்ணுசாமி தள்ளிய கார்

நல்லாத்தங்குடியில் அந்தக் காலத்தில் கார் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தள்ளுவதற்கு ஒரு தெருவே இருந்தது.

இங்கிலாந்தில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்கிப் பின்னால் போட்டுவிடும் துணிக்கூரை, தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் உடம்பு. சீமை ரோட்டுக்குச் செய்த வண்டியை வண்டல் மண்ணில் ஓட்டினால் என்ன ஆகும்? ஐப்பசி பிறந்துவிட்டால் வாய்க்கால் மதகடியில் அடிக்கடி புதைந்து நிற்கும். உடனே வண்டிக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டு மிராசுதாரின் ஆள் ஓடிவருவான். நடவில் நிற்கிற கீழத்தெரு ஆட்கள் போட்டது போட்டபடி கரையேறி ஓடவேண்டும். மிராசுதார் வண்டியைவிட்டு இறங்கமாட்டார். வேட்டியில் சேறு பட்டுவிடும் அல்லவா? முழங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு, டேஷ்போர்டு ரேடியோவையும் நிறுத்தாமல், "தள்ளுடா கண்ணுசாமி" என்பார்.

கண்ணுசாமி வீரையனின் அப்பா. பின்மூடியில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளுவார். சக்கரம் வாரி இறைக்கும் சேறு அவர் நெஞ்சிலும் வாயிலும் விழும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "இன்னிக்கு நல்ல பாட்டுடா" என்பார். அந்த மனுஷர் வாழ்நாளில் பாட்டு கேட்டதெல்லாம் வண்டி தள்ளும்போதுதான். சிறுவனான வீரையனுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாட்டைப் பற்றிப் பேச்சைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொள்வான்.

பாட்டு விஷயத்தில் அந்த ஊரில் இன்னொரு சட்டமும் இருந்தது. மாரியம்மன் கோயிலிலிருந்து கீழத்தெருவுக்குத் திரும்ப ஒரே வழி, பெரிய தெரு. கீழத்தெருக் கல்யாண ஊர்வலம் அந்த முனைக்கு வந்ததும் மேளம் நின்றுவிட வேண்டும். பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி வீடுவரை ஓசையில்லாமல் நடந்து, வேப்பமரம் தாண்டியபிறகு மறுபடி அடித்துக்கொள்ளலாம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் பழக்கம் என்பார்கள். பழக்கம் என்று சொல்லிவிட்டால் பிறகு காரணம் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

வீரையன் பொன்னுத்தாயைக் கட்டிக்கொண்டு வந்த அன்றும் அதுதான் நடந்தது. மாலையும் கழுத்துமாக இருவரும் அந்தத் தெருவைக் கடந்தபோது கேட்டது காலடிச் சத்தமும் எங்கோ ஒரு நாய் குரைத்ததும்தான். வேப்பமரம் தாண்டியதும் பொன்னுத்தாய் அவர் காதோரம், "எழவுக்குக்கூட மோளம் அடிக்கிறாங்க. நம்ம கல்யாணம் அதுக்கும் கீழயா?" என்றாள். புதுப்பெண் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அது. அந்தக் கேள்வி வீரையனை நெடுநாள் உறுத்தியது.

அதற்கப்புறம் வீரையன் ஷார்ஜா போனார். செடிகொடிக்குத் தண்ணீர் விடும் வேலை. அறையில் பக்கத்துக் கட்டிலில் நாகப்பட்டினத்துச் சித்தீக், கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடையில் வேலை பார்ப்பவர். லீவு நாளில் பொழுது போகாமல் அந்தக் கடைக்குப் போன வீரையன் ஒரு வயரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் பிடித்தார், பிறகு விடவேயில்லை. சித்தீக் முதலாளியிடம் சொல்லி அவரைக் கடைக்கே மாற்றிக்கொண்டார். கதவுக்கு ஒரு ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னால் பெரிய பேஸ் பெட்டி, அதற்குத் தீனி போட ஆம்ப்ளிஃபயர். "பாட்டு காதுல விழுந்தா பத்தாது வீரையா, நெஞ்சுல அடிக்கணும்" என்பார் சித்தீக். வீரையன் மாட்டிய வண்டிகள் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக் கண்ணாடி அதிரும். ஒவ்வொரு தரம் அது அதிரும்போதும் அவருக்கு ஒரு தெரு ஞாபகம் வரும்.

மகள் எழில்மொழி நர்ஸ் படிப்பு முடித்த வருஷம் ஒரேயடியாகத் திரும்பிவந்தார். ஊர் மாறியிருந்தது. கும்பகோணம் ரோட்டில் புதுப்புதுக் கார்கள் பறந்தன. பெரிய தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னையிலும் பாதிப் பேர் அமெரிக்காவிலும் இருந்தார்கள். மிராசுதார் போய்ச் சேர்ந்திருந்தார். மகன் ரெங்கசாமி மட்டும் வீட்டையும் நிலத்தையும் காத்துக்கொண்டிருந்தார். எல்லாம் மாறியும் தெரு முனையில் மேளம் நிற்பது மட்டும் மாறவில்லை.

ஒருநாள் கும்பகோணத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றைத் தாண்டும்போது வீரையனுக்குக் கால் நின்றுவிட்டது. உள்ளே அந்தச் சிவப்புக் கார். கூரைத்துணி நைந்து, இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கொட்டகையை இடிக்கும்போது ரெங்கசாமி எடைக்குப் போட்டதாம். வீரையன் அன்றைக்கே வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். கீழத்தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் பொன்னுத்தாய். "இந்த எழவெடுத்த வண்டிதானே உங்கப்பாவைச் சேத்துல முக்கி எடுத்துச்சு?"

"எழிலு கல்யாணத்துக்கு இதுதான் வண்டி. பொண்ணு மாப்பிள்ள இதுலதான் கோயில்லேருந்து வரணும். பெரிய தெரு வழியா. பாட்டோட."

பொன்னுத்தாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பிறகு கோழி எச்சத்தைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

டிராக்டர் மெக்கானிக் ஒருவர் இஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். மற்றதெல்லாம் வீரையன் பொறுப்பு. டேஷ்போர்டு ஒரே பலகை, வழவழவென்று சீமை மரம். நடுவில் அந்தப் பழைய ரேடியோ, சின்ன ஓட்டையில். புது கேசட் செட் அதில் நுழையாது, மரத்தை அறுத்தாக வேண்டும். ரம்பத்தை எடுத்து வைத்த அன்று மோட்டார் பைக் சத்தம் கேட்டது. ரெங்கசாமி. பிறந்ததிலிருந்து அவர் கீழத்தெருவுக்கு வந்ததில்லை, இப்போதும் பைக்கைவிட்டு இறங்கவில்லை.

"வீரையா, அந்த போர்டை அறுக்கப்போறியாமே? அது ஒரிஜினல்டா. இந்த மாதிரி வண்டியை வெள்ளைக்காரன் பூப்போல வச்சிருப்பான். அந்த ரேடியோவுல எங்கப்பா பாட்டு கேட்டிருக்காரு."

"எங்கப்பாவும் அதுலதான் கேட்டாரு, ரெங்கசாமி சார்."

ஐயா என்று வராமல் சார் என்று வந்ததில் ரெங்கசாமியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வீரையன் அவர் கண்ணெதிரிலேயே ரம்பத்தை வைத்து இழுத்தார். மரம் இறுகிப்போயிருந்தது, எளிதில் இறங்கவில்லை. வியர்த்து வழிந்தும் கை நிற்கவில்லை. பெயர்த்த ரேடியோவைத் துடைத்து, "இந்தாங்க, ஞாபகத்துக்கு வச்சுக்குங்க" என்று நீட்டினார். ரெங்கசாமி வாங்கிக்கொள்ளவில்லை.

"வண்டி போகட்டும், வேண்டாங்கல. பாட்டு மட்டும் முனையோட நின்னுடணும். பழக்கம்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பினார்.

அந்த வார்த்தைதான் வீரையனுக்கு என்ன பாட்டுப் போடுவதென்று முடிவு செய்துகொடுத்தது. சினிமாப் பாட்டெல்லாம் இல்லை. பொன்னுத்தாயின் அண்ணன் இராஜாங்கம் பறை அடிப்பதில் மன்னர். அவர் கை விழுந்தால் நான்கு ஊருக்கு அப்பால் இருப்பவன்கூட இது இராஜாங்கம் என்று சொல்லிவிடுவான். ஆனால் ரெங்கசாமியின் நிலம் அவரிடம் குத்தகைக்கு இருந்தது. அதுதான் அவருக்குச் சோறு.

"நேர்ல என்னை அடிக்கச் சொல்லாத மாப்ள. நாளைக்கு நான் அந்த வயல்ல எறங்கணும்" என்றார் இராஜாங்கம்.

"நேர்ல வேணாம் மச்சான். கேசட்டுல அடிங்க."

அறுப்பு முடிந்த வயலில் பட்டப்பகலில் வேலை நடந்தது. இராஜாங்கம் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீக்கு மேல் காட்டித் தோலைக் காய்ச்சினார். தோல் சூடேறி இறுகினால்தான் பறை பேசும். தட்டிப் பார்த்தார், போதவில்லை, இன்னும் ஒரு பிடி போட்டார். பிறகு வீரையன் டேப் ரெக்கார்டரை அழுத்தியதும், கேசட் ஒரு பக்கம் முடியும்வரை அவர் அடியை நிறுத்தவே இல்லை. கல்யாண அடி, நடை அடி, சாமி அடி. முடித்துவிட்டு மூச்சு வாங்க, "என் பேரை மட்டும் எவன்கிட்டயும் சொல்லிப்புடாத" என்றார். வீரையன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தக் கையை யார் மறைக்க முடியும்?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் செட் மாட்டி முடிந்தது. கதவில் ஸ்பீக்கர், மடக்கிய கூரைக்கு அடியில் பேஸ் பெட்டி, இருக்கைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர். கீழத்தெரு முழுக்கச் சுற்றி நின்றது. வீரையன் ஷார்ஜாவில் எப்போதும் செய்தபடி கறுப்பு வயரை வண்டி உடம்பிலும் சிவப்பு வயரை மின்சாரம் வரும் வயரிலும் கொடுத்து, சுவிட்சைப் போட்டார். பட் என்று ஒரு சத்தம். அறுத்த ஓட்டையிலிருந்து புகை சுருண்டு வந்தது. ஷார்ஜாவிலிருந்து துணிக்குள் சுற்றி எடுத்துவந்த செட் ஆம்ப்ளிஃபயரோடு கருகிப்போயிற்று.

"அந்த வீட்டு வண்டி நமக்கு ஆகாதுப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பொன்னுத்தாய் அவர்மீது பாய்ந்தாள். "வாயைக் கழுவு. வண்டி என்னா பண்ணும்?" உள்ளே வந்ததும் புருஷன்மீது பாய்ந்தாள். "ஊருப்பட்ட வண்டிக்கு மாட்டுனேன்னு பீத்திக்கிட்டீங்களே, ஒங்க வண்டிக்கு மாட்டத் தெரியலியா?"

வீரையன் தட்டை ஒதுக்கி வைத்தார். ரெங்கசாமிக்கு விஷயம் போயிருக்கும், சிரித்திருப்பார் என்ற நினைப்புதான் செட் போனதைவிட அதிகம் எரிந்தது. காலையில் போன் பேசும் கடைக்குப் போய்ச் சித்தீக்கைக் கூப்பிட்டார். ஊருக்குத் திரும்பி நாகப்பட்டினத்தில் ஸ்டீரியோ கடை வைத்திருந்த சித்தீக், மத்தியானத்துக்குள் வேறொரு செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் கைலியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பானட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"யா அல்லா! பழைய இங்கிலீஷ் வண்டி வீரையா இது. பேட்டரியோட பிளஸ்ஸு வண்டி உடம்புல இருக்கு. நம்ம மாட்டுன வண்டிக்கெல்லாம் மைனஸ்ஸு உடம்புல. நீ தலைகீழாக் கொடுத்து வறுத்து எடுத்திட்ட."

"பேட்டரியைக்கூடப் பாக்காம கைப்பழக்கத்துல கொடுத்துட்டேன்" என்றார் வீரையன். பழக்கம் என்ற சொல் தன் வாயிலிருந்தே வந்ததில் அவருக்கே ஆத்திரம்.

"சரி விடு. செட்டு உடம்புல படாம ரப்பர் வச்சுத் தனியாக் கட்டிப்புடலாம். அதான் சுலபம். இல்லாட்டி வண்டியவே மாத்தணும்."

"வண்டிய மாத்துங்க பாய்."

மாற்றினார்கள். பேட்டரியைத் திருப்பி வைத்து, இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலின் வயர்களை இடம் மாற்றி, டைனமோவை ஒரு வயரால் சுரீரென்று தொட்டு அதற்குப் புதுத் திசை பழக்கினார்கள். அந்தக் காரில் மின்சாரம் அதுவரை ஓடிய வழிக்கு எதிர்வழியில் ஓடத்தொடங்கியது. கேசட்டைப் போட்டதும் இராஜாங்கத்தின் முதல் அடி வீரையனின் நெஞ்செலும்பில் விழுந்தது. பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றார் சித்தீக். "டைனமோ சின்னது. வண்டி வேகமா ஓடுனாத்தான் பேட்டரியில சார்ஜ் ஏறும். ஊர்வலம் நடக்குற வேகம்தான். பேட்டரியில இருக்குறதுதான் இருப்பு. அன்னிக்கு முன்னாடியே பாட்டப் போட்டுத் தீத்துப்புடாத."

வீரையன் தலையாட்டினார். ஆனால் கல்யாணத்தன்று காலை வந்த உறவுக்காரர் ஒவ்வொருவரும் "எங்க, போட்டுக் காட்டு" என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மனுஷனுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? திருத்துறைப்பூண்டிச் சம்பந்திக்கு ஒரு தரம், மன்னார்குடிச் சின்னம்மாவுக்கு ஒரு தரம், காது மந்தமான பெரியப்பாவுக்கு இரண்டு தரம். பேட்டரி பாவம், வாய் இருந்தால் அழுதிருக்கும்.

கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் எழில்மொழியும் மாப்பிள்ளை இளம்பரிதியும் மடக்கிய கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், கூச்ச சுபாவம். வீரையன் கேசட்டைப் போட்டுவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தார். இராஜாங்கம் பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். பெரிய தெரு முனையில் ரெங்கசாமியும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். ரெங்கசாமி கையைக் காட்டினார். வீரையன் எட்டி ஒலியைக் கூட்டினார்.

பறை தெருவுக்குள் நுழைந்தது. சுவர்களில் மோதித் திரும்பியது. இத்தனை காலமாக அந்தத் தெரு கேட்காத சத்தம், ஒரே மூச்சில் கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. பொன்னுத்தாய் தலை நிமிர்ந்து, இரண்டு பக்க வீடுகளையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பெரிய வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

ரெங்கசாமி நிதானமாக நடந்துவந்தார். "என்னடா ஆச்சு? பேட்டரி எறங்கிருச்சா? பாட்டை நிறுத்து, முன்னாடி கம்பி போட்டுச் சுத்துனா இஞ்சின் தானா எடுக்கும். இல்லன்னா உங்கப்பன் மாதிரி தள்ளிக்கிட்டுத்தான் போகணும்." பிறகு காதைத் தீட்டிக்கொண்டு, "இது யாரு அடிச்சது? இராஜாங்கம் கை மாதிரில்ல இருக்கு?" என்றார்.

இராஜாங்கம் தரையைப் பார்த்தார்.

ரெங்கசாமி சொன்னது பொய்யில்லை. செட்டை நிறுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். கௌரவமாக ஓட்டிக்கொண்டு போகலாம், ஆனால் ஓசையில்லாமல். வீரையனின் விரல் செட்டின் அருகே போனது. போனது உண்மை. கூட்டம் முழுக்க அந்த விரலைப் பார்த்தது.

விரல் திரும்பி வந்தது. வீரையன் கதவைத் திறந்து இறங்கினார்.

"எழிலு, எறங்கி வந்து ஸ்டீரிங்கப் புடிம்மா. வண்டி நின்னா நிக்கட்டும். பாட்டு நிக்காது."

எழில்மொழி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவலில் முன் இருக்கைக்கு வந்தாள். மாப்பிள்ளை மாலையோடு குதித்துப் பின்னால் போனார். சித்தீக் ஒரு பக்கம், பொன்னுத்தாய் ஒரு பக்கம். வீரையன் பின்மூடியில் இரண்டு கையையும் ஊன்றினார். தகரம் வெயிலில் சுட்டது. அப்பாவின் கைகள் ஊன்றிய இடம். தள்ளத் தள்ள, இஞ்சின் சத்தம் குறுக்கே இல்லாமல், பறை மட்டும் அவர் முகத்தில் நேராக அடித்தது. நல்ல பாட்டுடா என்று அப்பா சொன்னது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. அந்தச் சேற்றிலிருந்து தனக்கென்று அப்பா எடுத்துவந்தது அது ஒன்றுதான். வீரையன் அழுதுகொண்டே தள்ளினார். கோபமும் குறையவில்லை.

வேப்பமரம் வந்தது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

"திருப்பு எழிலு" என்றார் வீரையன்.

"எங்கப்பா?"

"வந்த வழியே. இன்னொரு சுத்து."

வண்டியைத் திருப்பி மறுபடி பெரிய வீட்டு வாசலுக்கு வந்தபோது பேட்டரி முடிந்தது. கேசட் இழுத்தது, பறை முனகியது, பிறகு நின்றது. தெரு பழையபடி அமைதியாயிற்று.

"அவ்வளவுதானா வீரையா?" என்று சிரித்தார் ரெங்கசாமி.

வீரையன் வண்டியிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். அப்போது இராஜாங்கம் கூட்டத்தைவிட்டு விலகி, பெரிய வீட்டுச் சுவரோரம் இருந்த வைக்கோல் போரை நோக்கிப் போனார். ஒரு பிடி உருவினார். தெரு நடுவில் போட்டார்.

"மாப்ள, தீப்பெட்டி இருக்கா?"

"இராஜாங்கம்" என்றார் ரெங்கசாமி. இப்போது சிரிப்பு இல்லை. "குத்தகை ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குதுங்க" என்றார் இராஜாங்கம். வைக்கோல் பற்றிக்கொண்டது. பறையைத் தீக்கு மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். தோலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். போதவில்லை. மறுபடி அந்தப் போருக்கே போய் இன்னும் ஒரு பிடி வைக்கோல் உருவினார்.